பூட்டக்கா படித்த கோடை

அந்தக் கோடையில் குற்றவியல் நீதி படிக்கப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர்கள் நாங்கள் முப்பத்தொரு பேர். முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்தேன். கடைசி வரிசையில், சுவரில் முதுகை ஒட்டி, வாசலைப் பார்த்தபடி ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். பார்த்ததும் அப்படியே திரும்பி வீட்டுக்குப் போய்விடலாமா என்றிருந்தது. என்னைப் பதின்மூன்று மாதத்துக்கு மேல் பூட்டி வைத்திருந்தவர் அவர்.

மகளிர் சிறையில் உள்வாசல் காவலர். அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் பூட்டக்கா. எந்தக் கதவைக் கடந்தாலும் இழுத்துச் சாத்துவார், தாழ்ப்பாள் போடுவார், பூட்டுவார், பிறகு பூட்டைப் பிடித்து இரண்டு தரம் ஆட்டிப் பார்ப்பார். ஒரு தரமும் இல்லை, மூன்று தரமும் இல்லை. எங்கள் அறையில் இருந்த ஒருத்தி அந்தச் சத்தத்தை அப்படியே வாயால் போட்டுக் காட்டுவாள். அதற்குச் சிரித்துச் சிரித்துத்தான் பல நாள் எங்களுக்குப் பொழுது போனது.

பூட்டுக்கு அடுத்தபடி அவருக்குப் பிடித்தது பதிவேடு. பார்க்க வருகிறவர்கள் பெயர், வந்த நேரம், கொண்டுவந்த பொருள், கடைசிக் கட்டத்தில் உறவு. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் ஆளை உள்ளே விடமாட்டார். சிறைக்கு வரும் முன் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் என்னோடு துணி மடித்தவள் ஒருநாள் என்னைப் பார்க்க வந்தாள். உறவு என்னவென்று கேட்டதற்கு, "சும்மா தெரிஞ்சவங்க" என்றாளாம்.

"சும்மா தெரிஞ்சவங்கன்னு ஒரு உறவு கிடையாது. சரியாச் சொல்லுங்க."

பாவம், அவள் யோசித்து யோசித்து, "கூட வேலை பார்த்தவ" என்று கண்டுபிடிப்பதற்குள் அரைமணி நேரச் சந்திப்பில் பத்து நிமிடம் போய்விட்டது. உள்ளே கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு நான் பல்லைக் கடித்தேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் இருக்கும். இதை மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

நான் ஏன் உள்ளே போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் தம்பி ஒரு சண்டையில் ஒருவன் கையை உடைத்தான். அந்த நேரத்தில் அவன் என்னோடு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான் என்று நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சொன்னேன். தெருமுனைக் கடையில் இருந்த கேமரா வேறு கதை சொன்னது. அவனுக்கு எட்டு மாதம், எனக்குப் பதினான்கு மாதம். அடித்தவனைவிடப் பொய் சொன்னவளுக்கு அதிகம். அன்றைக்கு அது அநியாயமாகத் தெரிந்தது. படித்த பிறகு அவ்வளவு அநியாயமாகத் தெரியவில்லை, ஆனால் வயிற்றெரிச்சல் முழுதாக ஆறிவிட்டது என்று சொன்னால் அது இரண்டாவது பொய்.

இதில் இன்னொரு கூத்து. தீர்ப்பானதும் என்னை முதலில் வேறோர் ஊரின் சின்னச் சிறையில்தான் வைத்தார்கள். பத்தொன்பது நாள் கழித்து இங்கே மாற்றினார்கள். ஆள் வந்தாள், காகிதம் வரவில்லை. தண்டனையை நான் இங்கே வந்த நாளிலிருந்து எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். அலுவலகத்தில் கேட்டால், "ஃபைல்ல இல்லையேம்மா" என்றார்கள். வக்கீலிடம் சொன்னால், "பார்க்கலாம்" என்றார். தினமும் காலையில் தலை எண்ண வரும் பூட்டக்காவிடமும் கத்தினேன்.

"என் பத்தொம்பது நாளை யார் முழுங்கினது? சொல்லுங்க."

அவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "குறிச்சுக்கிட்டேன்" என்றார். எதைச் சொன்னாலும் அவரிடம் அந்த ஒரு வார்த்தைதான். தண்ணீர் வரவில்லையா, குறிச்சுக்கிட்டேன். தலைவலியா, குறிச்சுக்கிட்டேன். இந்த அம்மா குறித்துக் குறித்து எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போகிறாரோ என்று நான் நொந்துகொண்டேன்.

அந்தச் சமயத்தில் வீட்டில் அம்மா படுத்த படுக்கை. தண்டனை முடிந்து வந்திருந்த தம்பி, அவள் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதுவான். எல்லாக் கடிதமும் பிரித்த உறையில்தான் என் கைக்கு வரும். அம்மா எனக்கு எழுதியதை எவரோ படித்துவிட்டுத் தருகிறார்களே என்று அதற்கும் ஒரு கோபம்.

பிறகு ஒருநாள் காலை, கொஞ்சமும் எதிர்பாராமல், "சாமானை எடுத்துக்கோ, இன்னைக்கு உனக்கு விடுதலை" என்றார்கள். பத்தொன்பது நாளைத் தண்டனையில் கழித்துவிட்டார்களாம். வக்கீல் சாமர்த்தியசாலி என்று பூரித்துப்போனேன். மறுவாரமே ஒரு பெட்டி கேக் வாங்கிக்கொண்டு அவர் அலுவலகத்துக்குப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். அவரும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு அம்மா பன்னிரண்டு நாள் இருந்தாள். டீயில் சர்க்கரை போதவில்லை என்று என்னைத் திட்டினாள். தலை வாரிவிடச் சொன்னாள். தம்பியை மன்னித்துவிடு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் அவனையும் என்னையும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் உட்காரவைத்தே சாப்பிட்டாள். பதின்மூன்றாம் நாள் காலையில் அவள் இல்லை. இந்தப் பன்னிரண்டு நாளை வைத்துக்கொண்டுதான் நான் இன்றுவரை நடமாடுகிறேன்.

இதெல்லாம் நடந்து ஆறு வருடம் கழித்துத்தான் இந்தக் கோடைப் படிப்பு. சலவைக்கூடத்திலேயே மறுபடி சேர்ந்திருந்தேன். இலவசச் சட்ட உதவி மையத்தில், சிறைக் கைதிகளின் குடும்பங்களுக்கு மனு எழுதிக்கொடுக்க ஓர் உதவியாளர் வேண்டும், குற்றவியல் நீதிச் சான்றிதழ் இருந்தால் போதும் என்றார்கள். எட்டு வாரம், வருடத்துக்கு ஒரு முறை கோடையில் மட்டும் நடக்கும் படிப்பு. மேற்பார்வையாளர் காலை வகுப்புக்கு ஏற்றாற்போல் எனக்கு மதிய ஷிப்டு கொடுத்தார். நான் உள்ளே இருந்தவள் என்பதை வகுப்பில் யாரிடமும் மூச்சுவிடுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டு வந்தால், கடைசி வரிசையில் பூட்டக்கா.

முதல் நாள் ஒவ்வொருவரும் எழுந்து, ஏன் படிக்க வந்தோம் என்று சொன்னோம். பூட்டக்கா எழுந்து விறைப்பாக நின்றார்.

"சிறையில காவலரா இருக்கேன். இருபத்திரண்டு வருஷம். வெளிய போறவங்கள்ல பாதிப் பேர் திரும்பி வர்றதை வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருக்கேன். நன்னடத்தை அலுவலர் ஆனா, வெளிய போனப்புறம் அவங்களைப் போய்ப் பார்க்கலாம். அதுக்கு இந்தச் சான்றிதழ் வேணும். வயசு வரம்பு நாற்பத்தஞ்சு. எனக்கு நாற்பத்திநாலு முடிஞ்சு போச்சு."

அதாவது இந்தக் கோடையை விட்டால் அவருக்கு அடுத்த கோடை கிடையாது. அவர் பார்வை வகுப்பை ஒரு சுற்றுச் சுற்றியது. என்மேல் வந்தபோது ஒரு கணம்கூட நிற்கவில்லை. அடையாளம் தெரிந்ததா தெரியவில்லையா என்று எனக்குப் புரியவில்லை. தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கிறார், அதிகாரத் திமிர் என்று முடிவுகட்டிக்கொண்டேன்.

அடுத்த ஐந்து வாரம் நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் கண் போகத்தானே செய்யும். பேராசிரியை உள்ளே நுழைந்ததும் இவர் உதடு அசையாமல் தலை எண்ணுவார். ஒருநாள் பேராசிரியை வருகைப் பதிவில் தடுமாறியபோது, "இருபத்தொம்பது மேடம். ரெண்டு பேர் கேன்டீன்ல" என்று கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது. வகுப்பே சிரித்தது. கட்டுரை எழுதச் சொன்னால் மணி, நிமிடம், என்ன நடந்தது என்று பதிவேடு மாதிரியே எழுதுவார். "உங்க கருத்து எங்கம்மா?" என்று பேராசிரியை சிவப்பு மையில் கேட்டிருந்தார். பூட்டக்கா அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருடமாக அவரிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

ஆறாவது வாரத்தில்தான் அது நடந்தது. எங்கள் வகுப்பறை தரைத்தளத்துக்கும் கீழே, பழைய கட்டடத்தில், வெளியே தாழ்ப்பாள் வைத்த கனத்த கதவோடு இருந்தது. பதினொரு மணி இடைவேளை. எல்லோரும் கேன்டீனுக்குப் போனார்கள். என் பேனா உருண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விட்டது, குனிந்து துழாவிக்கொண்டிருந்தேன். கடைசியாக வெளியேறியவர் பூட்டக்கா. அறை காலி என்று நினைத்துவிட்டார். கை பழக்கத்தில் கதவை இழுத்தது.

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. இரண்டு ஆட்டு.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போன் மேசைமேல் இருந்தது. எடுத்து ஒருவரைக் கூப்பிட்டால் முடிந்தது. தட்டியிருக்கலாம், கத்தியிருக்கலாம், அதற்குப் பேர்போனவள்தானே நான். ஒன்றும் செய்யவில்லை. சுவரோரம் தரையில் உட்கார்ந்து, மின்விசிறியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டதும் என் உடம்பு என்னைக் கேட்காமலே எழுந்தது. முதுகு சுவரில், கை இரண்டும் பக்கவாட்டில், பார்வை நேரே. கதவு திறந்தது.

"இருநூத்திப் பதினேழு" என்றேன்.

அது சிறையில் என் எண். திறந்த கதவில் பூட்டக்கா நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் டீக் கோப்பைகளோடு வகுப்பு முழுவதும் நின்றிருந்தது. ஆறு வருடம் மூடி மறைத்ததெல்லாம் ஒரே சொல்லில் போய்விட்டது. பூட்டக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு அவரை இடித்துத் தள்ளாத குறையாக வெளியே வந்தேன்.

நேராகத் துறை அலுவலகம். அங்கிருந்த எழுத்தர் அம்மாள், நடத்தைப் புகாருக்கு ஒரு படிவம் கொடுத்தார்.

"நாளைக்குள்ள குடுங்க. புகார் நிரூபணமாயிடுச்சுன்னா அவங்க தேர்வு எழுத முடியாது. அதைத் தெரிஞ்சுக்கிட்டு எழுதுங்க" என்றார்.

தெரிந்துகொண்டுதான் எழுதினேன். சலவைக்கூடத்தில் இஸ்திரி எந்திரத்தின்மேல் வைத்து, அழுத்தி அழுத்தி, பின்பக்கம் புடைக்கிற மாதிரி எழுதினேன். துணி மடிக்கிறவள் எட்டிப் பார்த்துவிட்டு, "பேப்பர் கிழிஞ்சிடப் போகுதுடி" என்றாள்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் கொடுப்பதாக, படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் நீதிமன்ற எழுத்தர் என் பேனாவைக் கண்டுபிடித்து மேசையில் வைத்திருந்தார், அவ்வளவுதான். அன்றைக்குக் கட்டுரை வாசிக்கும் முறை. வேலையிடத்தில் நேரில் கண்ட ஒரு தவறு என்பது தலைப்பு. கட்டுரைகளைப் போன வாரமே ஒப்படைத்திருந்தோம், வாசிக்கும் வரிசையும் அப்போதே சீட்டுக் குலுக்கிப் போட்டது. இரண்டாவது பெயர் பூட்டக்காவுடையது.

அவர் எழுந்தார். "மேடம், நான் வேற ஒண்ணு படிக்கலாமா?"

"குடுத்தது இதுதானே, இதையே படிங்க."

அவர் காகிதத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், பதிவேடு வாசிக்கிற குரலிலேயே வாசித்தார். ஒரு பெண், வேறு சிறையிலிருந்து மாற்றப்பட்டு வந்தாள். முன்பு இருந்த பத்தொன்பது நாளுக்குக் காகிதம் இல்லை. அந்தப் பெண் தினமும் சொன்னாள். அலுவலகத்துக்கு மூன்று முறை குறிப்பு எழுதினேன், மூன்று முறையும் ஆதாரம் இல்லை என்று திரும்பி வந்தது. விடுமுறை நாளில் பஸ் ஏறி அந்தச் சிறைக்குப் போய், வாசல் பதிவேட்டில் அவள் வந்த நாளையும் போன நாளையும் கண்டுபிடித்து, நகல் வாங்கி வந்தேன். நாள் சரிசெய்யப்பட்டது. வாசித்துவிட்டு உட்காரப் போனார்.

"இருங்க. அவ்வளவு தூரம் ஏன் போனீங்க?" என்றார் பேராசிரியை. "உங்க கருத்தை இப்பவாவது சொல்லுங்க."

பூட்டக்கா தரையைப் பார்த்தார். "கைதிகளுக்கு வர்ற கடிதத்தை நாங்கதான் படிச்சுட்டுக் குடுப்போம் மேடம். அந்தப் பெண்ணோட அம்மாவுக்கு முடியல. ஒவ்வொரு கடிதத்திலயும் எழுத்து ஒண்ணாத்தான் இருந்துச்சு, சொல்றவங்க பேச்சு குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. பத்தொம்பது நாள் தாங்காதுன்னு தோணிச்சு."

"அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா?"

"சொல்ற வழக்கம் இல்லை மேடம். நாளைச் சரியா எண்ணுறது எங்க வேலைதானே."

நான் எழுந்து, "பஸ்ல எவ்வளவு நேரம்?" என்று கேட்டேன். அது என் குரல் மாதிரியே இல்லை.

அவர் அப்போதுதான் முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தார். "போக மூணு மணி நேரம். வர மூணரை."

வகுப்பு முடிந்ததும் தாழ்வாரத்தில் அவரை மறித்தேன். நன்றி சொல்லத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"ஏங்க, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் வக்கீலுக்குக் கேக் வாங்கிக் குடுத்தேங்க."

அவர் சற்று யோசித்தார். "வாங்கிக்கிட்டாரா?"

"பெட்டியோட."

பூட்டக்கா சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. தாழ்வாரத்தில் போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, விக்கி விக்கி அழுதேன். "பன்னிரண்டு நாள் இருந்தாங்க. தலை வாரிவிட்டேன்" என்றேன். அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பிறகு மெல்லச் சொன்னார்.

"வெளிய பார்த்தா நாங்களா முதல்ல பேசக் கூடாதுன்னு விதி. உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு. அதான் முதல் நாள்ல இருந்து பேசலை. நேத்து நடந்ததுக்கு என்னை மன்னிச்சிடுங்க. பெஞ்சுக்கு அடியில பார்த்திருக்கணும். நான் பார்க்கலை."

புகாரைக் கிழித்துப் போட்டுவிட்டால் விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. படிவம் கொடுக்கப்போவதில்லை என்று சொல்ல அலுவலகத்துக்குப் போனால், எழுத்தர் அம்மாள் ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார்.

"நீங்க குடுக்கலைன்னா என்ன, அவங்களே குடுத்துட்டாங்களே."

அது பூட்டக்காவின் கையெழுத்து. காலை 11.04 முதல் 11.31 வரை ஒரு மாணவி அறைக்குள் பூட்டப்பட்டார். அறையைச் சோதிக்காமல் பூட்டியது என் தவறு. பூட்டில் தவறு நேர்ந்தால் அன்றைக்கே தன்மேல் தானே அறிக்கை எழுதுவது சிறைக் காவலர்களின் நடைமுறையாம். பல்கலைக்கழகத்துக்கு அந்த நடைமுறை கிடையாது என்று அவருக்குத் தெரியவும் இல்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை. ஆறு வாரம் பாடுபட்டுப் படித்துவிட்டு, தன் தலையில் தானே கல்லைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பாதிக்கப்பட்டவங்க வாக்குமூலம்னு கீழே இடம் இருக்கு" என்றார் எழுத்தர் அம்மாள். "அதைப் பார்த்துத்தான் துறைத் தலைவர் முடிவு பண்ணுவார்."

பேனாவை எடுத்தேன். கதவு தானாகச் சிக்கிக்கொண்டது, யாரும் பூட்டவில்லை என்று எழுதிவிட்டால் போதும். பொய்யை நம்புகிற மாதிரி சொல்ல எனக்குத் தெரியும். ஒருவரைக் காப்பாற்ற ஏற்கெனவே ஒரு தடவை சொன்னவள்தானே. எழுத்தர் அம்மாள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனா காகிதத்தைத் தொடாமல் கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு நடந்ததை நடந்தபடி எழுதினேன். பூட்டியது அவர்தான். நான் பயந்துபோனேன். எழுந்து நின்று என் சிறை எண்ணைச் சொன்னேன், எல்லோரும் கேட்டார்கள். அது எனக்கு இன்னும் வலிக்கிறது. இவ்வளவையும் எழுதிவிட்டு, இவரே என் பத்தொன்பது நாளை மீட்டுக் கொடுத்தவர் என்றும், விடுதலையான ஒரு பெண்ணைப் பார்க்க ஓர் அலுவலர் போவதென்றால் அது இவராக இருக்கவேண்டும் என்றும் எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன்.

துறைத் தலைவர் மூன்று நாள் எடுத்துக்கொண்டார். அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பூட்டக்கா வழக்கம்போல் கடைசி வரிசையில் உட்கார்ந்து தலை எண்ணிக்கொண்டிருந்தார். நாலாம் நாள் முடிவு வந்தது. எழுத்துமூல எச்சரிக்கை, தேர்வு எழுதலாம். தன் தவறைத் தானே எழுதிக்கொடுத்த ஒருவரை இந்தப் படிப்பிலிருந்து வெளியேற்றினால், பிறகு இந்தப் படிப்பு எதற்கு என்று அவர் குறிப்பு எழுதியிருந்ததாக எழுத்தர் அம்மாள் என் காதில் போட்டார்.

அன்றிலிருந்து இடைவேளையில் கடைசியாக வெளியேறுவது நான். கதவைத் திறந்தே போட்டுவிட்டு வருவேன். பூட்டக்கா கேன்டீனில் உட்கார்ந்து அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார், பாவம், டீ ஆறிப்போகும்.

இரண்டு பேரும் தேறினோம். என்னைவிட அவருக்கு நாலு மதிப்பெண் கூட. நாற்பத்தைந்தாவது பிறந்தநாளுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது அவருக்கு நன்னடத்தை அலுவலர் வேலைக்கான உத்தரவு வந்தது. நான் ஒரு பெட்டி கேக் வாங்கிக்கொண்டு அவருடைய புது அலுவலகத்துக்குப் போனேன். ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். கதவு முழுதாகத் திறந்திருந்தது, மூடிக்கொள்ளாமல் இருக்க அடியில் மடித்த காகிதத்தைச் செருகி வைத்திருந்தார்.

"ஆறு வருஷம் முன்னாடி உங்களுக்கு வரவேண்டியது. விலாசம் மாறிப் போயிடுச்சு" என்றேன்.

அவர் பெட்டியைத் தொடவில்லை. "உள்ள இருந்தவங்ககிட்ட இருந்து எதுவும் வாங்கக் கூடாது. வாங்கினா பதிவு பண்ணணும்."

"பண்ணுங்களேன். உங்களுக்குப் பிடிச்ச வேலைதானே."

மேசை இழுப்பறையிலிருந்து புது நோட்டு ஒன்றை எடுத்தார். முதல் பக்கத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டுத் தயாராக வைத்திருந்தார். என் பெயரை எழுதினார். நேரம் 10.40. பொருள், கேக் ஒரு பெட்டி. கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"சும்மா தெரிஞ்சவங்கன்னு போட்டுக்கோங்க" என்றேன், வேண்டுமென்றே.

"அப்படி ஒரு உறவு கிடையாது" என்றார், நிமிர்ந்து பார்க்காமல்.

வெகுநேரம் யோசித்தார். பிறகு நிறுத்தி நிதானமாக எழுதி, நோட்டை என் பக்கம் திருப்பினார். உறவு என்ற கட்டத்தில், "கூடப் படித்தவர்" என்று இருந்தது.